ஊட்டுவதும் விடுவதும்

கொல்லிமலையில் அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போகிறவர்கள் ஐயாற்று மீன்களுக்குப் பொரி இட்டுவிட்டுத்தான் சந்நிதிக்குச் செல்வார்கள். பிடித்து அறுத்துச் சமைத்த மீன் மறுபடி பொருந்தி நீரில் துள்ளிப் பாய்ந்தது என்பது அந்தத் தலத்தின் கதை. அங்குள்ள மீனைப் பிடிப்பது பாவம். ஒரு நம்பிக்கை ஓர் ஆற்றின் சிறு பகுதியையாவது வலையிலிருந்து காத்து வைத்திருக்கிறது என்றால் அதில் குறை காண எங்களுக்கு மனமில்லை. பொரி இடுகிற கையின் மகிழ்ச்சியும் எங்களுக்குப் புரிந்ததே. உயிர்களுக்கு ஊட்டுவது புண்ணியம், பிடித்ததை விடுவிப்பது அதனினும் பெரும்புண்ணியம் என்று சொல்லித்தானே நாம் எல்லோரும் வளர்க்கப்பட்டோம்.

இந்த இரு புண்ணியங்களும் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் வந்தால் என்னவாகின்றன என்பதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறோம். வளப்பூர் நாட்டில் கோயில் இருக்கிறது. நாங்கள் இருப்பது அதே மலையின் குண்டூர் நாட்டில். எங்கள் வீட்டு வடக்குச் சன்னலோரம் முப்பது லிட்டர் தொட்டி ஒன்று உள்ளது. அதில் மீன் இல்லை. செர்ரி இறால்கள் இருக்கின்றன. முழு வளர்ச்சி அடைந்தும் ஓர் அங்குலத்தை அதிகம் தாண்டாத, மிளகாய்ப்பழச் சிவப்பில் ஓயாமல் எதையாவது கொறித்துக்கொண்டிருக்கும் சிற்றுயிர்கள். முதன்முதலில் பார்த்த பக்கத்து வீட்டுப் பாட்டி, "இதை எத்தனை சேத்தாலும் ஒரு கொழம்புக்கு ஆகாதே!" என்றார். சென்னாக்கூனி பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது நியாயமான விமர்சனம்தான்.

இவற்றின் அறிவியல் பெயர் நியோகாரிடினா டேவிடி. சொந்த மண் கிழக்குச் சீனமும் தைவானும் அதைச் சுற்றிய பகுதிகளும். அங்கே ஓடைகளில் இருப்பவை பழுப்பும் பச்சையும் கலந்த, கண்ணில் படாத நிறத்தவை. சிவப்பு மனிதர் உண்டாக்கியது. தலைமுறை தலைமுறையாகச் சிவந்தவற்றை மட்டும் பொறுக்கி இணைசேர்த்து வந்ததன் பலன். ஜப்பானில் ஹிசயாசு சுசுகி என்பவர் 1990களில் இதேபோல் வேறோர் இனத்திலிருந்து சிவப்பு வெள்ளைப் பட்டைகள் கொண்ட 'கிரிஸ்டல் ரெட்' இறாலை உருவாக்கினார். அதே நாட்டின் தகாஷி அமானோ, 2015இல் மறைந்த புகைப்படக் கலைஞர், தொட்டிக்குள் நிலக்காட்சி அமைக்கும் கலையை உலகறியச் செய்தவர். பாசியை மேய்வதற்கு இறால்களை இறக்கிவிடும் வழக்கம் பரவியது அவரால்தான். அவர் பெயர் தாங்கிய அமானோ இறால் வீட்டில் எளிதில் பெருகாது. அதன் இளம் புழுக்களுக்கு உப்புநீர் வேண்டும். செர்ரிக்கு அந்த வம்பு எதுவும் கிடையாது. தாயின் வயிற்றடியிலிருந்து பிரிந்த கணமே அது முழு இறால்; அளவில்தான் இரண்டு மில்லிமீட்டர்.

சமவெளியில் இதை வளர்க்கிறவர்களின் முதல் எதிரி வெயில். நாமக்கல்லில் சித்திரை மாதத்தில் தொட்டிநீர் முப்பது பாகையைத் தாண்டினால் இனப்பெருக்கம் நிற்கும். மேலும் ஏறினால் இறால்களே சாகத் தொடங்கும். சென்னை நண்பர்கள் தொட்டிமேல் மின்விசிறி கட்டி, பனிக்கட்டிப் புட்டிகள் மிதக்கவிட்டு அவதிப்படுகிறார்கள். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகள் ஏறி வந்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. ஆயிரம் மீட்டருக்கு மேலான இம்மலையின் குளிர்ச்சி, இறாலுக்கென்றே அளந்து வைத்ததுபோல் இருக்கிறது. இந்த வசதியைப் பற்றிப் பின்னால் மறுபடி பேச வேண்டியிருக்கும். அது வசதி மட்டும் அல்ல.

முதல் புண்ணியத்துக்கு வருவோம். இறால் பசியால் செத்ததாக நாங்கள் அறிந்த கதை ஒன்றுகூட இல்லை. ஊட்டியதால் செத்த கதைகள் நிறைய. பழகிய தொட்டியில் கல், கட்டை, இலை, கண்ணாடி என எல்லாவற்றின் மேலும் நுண்ணுயிர்களாலான வழவழப்பான படலம் ஒன்று படிந்திருக்கும். இறாலின் உண்மையான உணவு அதுதான். நாள் முழுவதும் அவை முன்கால் தூரிகைகளால் துடைத்துத் துடைத்துத் தின்பது அதைத்தான். ஆகையால் தொட்டியில் நீர் நிரப்பி, காற்றுக்குழாய் இணைத்த பஞ்சு வடிகட்டியை ஓடவிட்டு, நான்கு முதல் ஆறு வாரம் வரை வெறுமனே காத்திருக்க வேண்டும். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் அதற்குள் குடியேறிவிடும். வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஒன்றரை மாதம் இருப்பது எளிதல்ல. எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தினர் ஒருவர், காலித் தொட்டியைத் தத்துவ விசாரத்துக்காக வைத்திருக்கிறோம் என்றே நினைத்துவிட்டார்.

அதன்பின் இடும் உணவு துணைக்கறி மட்டுமே. ஐம்பது இறால்களுக்கு இரண்டு நாளைக்கொருமுறை, ஒரு நிமிடம் வெந்நீரில் போட்டெடுத்த கீரையிலை ஒன்றோ, வெள்ளரியின் மெல்லிய வில்லை ஒன்றோ போதும். இரண்டு மூன்று மணி நேரத்தில் மிஞ்சியதை எடுத்துவிட வேண்டும். சந்தைக் கீரையில் பூச்சிமருந்து இருக்கக்கூடும். இறாலும் பூச்சிகளும் கணுக்காலிகள் என்ற ஒரே குடும்பத்து உறவினர், ஒன்றைக் கொல்வது மற்றதையும் கொல்லும். எனவே கொல்லைக் கீரையே நல்லது. காய்ந்து உதிர்ந்த நாட்டுவாதுமை இலை ஒன்று தொட்டியின் அடியில் எப்போதும் கிடக்கட்டும். அது மெல்ல மட்கும். மட்குவதன் மேல் படலம் வளரும். குஞ்சுகள் அதில் மேயும். இவ்வளவுதான் சமையல்.

ஆனால் கை கேட்காது. தூளை ஒரு சிட்டிகை தூவினால் எல்லாத் திசையிலிருந்தும் ஓடிவருகின்றன. அந்தக் காட்சிக்காக இன்னொரு சிட்டிகை. மிஞ்சியது அழுகும், தட்டைப்புழுக்கள் கண்ணாடியில் ஊரும், ஒரு காலையில் பத்துப் பன்னிரண்டு இறால்கள் வெளிறிக் கிடக்கும். ஆற்றில் இட்ட பொரியில் மீன் தின்னாததை ஆறு கொண்டுபோய்விடுகிறது. தொட்டி எதையும் கொண்டுபோவதில்லை. இடுகிறவரின் இன்பத்துக்காக இடுவதைப் பசித்தவருக்கு இடுவதாக எண்ணிக்கொள்ளும் பழக்கம் தொட்டிக்கு வெளியிலும் உண்டு என்றாலும், அந்த விசாரணையை இங்கே விரிக்கப் போவதில்லை.

நீரைப் பற்றி ஒரு சொந்தத் தோல்வியைச் சொல்லியாக வேண்டும். முதல் முறை நாங்கள் இறக்கிய பதினைந்து இறால்களில் இரண்டே நாளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஊட்டவில்லை, வெயிலில்லை, தொட்டியும் பழகியதுதான். காரணம் சமையலறையில் இருந்தது: நீர் மாற்றுவதற்காகச் சுனைநீரை இரவெல்லாம் ஊற்றி வைத்த, பாட்டி காலத்துச் செப்புக்குடம். மனிதருக்கு நல்லதென்று நாம் போற்றும் செம்பு, இறாலுக்கு மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு. இதில் ஒரு விந்தை என்னவென்றால், இறாலின் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமப்பதும் செம்புதான். நம் இரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை அதன் உடலில் செம்பு செய்கிறது. ஆனாலும் நீரில் கரைந்து வரும் செம்பை அதனால் தாங்க முடிவதில்லை. நீரில் சுண்ணமும் பிற கனிமங்களும் குறைந்திருந்தால் நஞ்சின் வேகம் இன்னும் கூடும். எங்கள் சுனைநீர் சோப்பைத் தொட்டாலே நுரைக்கும் மென்னீர்.

அந்தச் சாவுக்குப் பிறகுதான் வேறொன்றும் கண்ணில் பட்டது. காப்பிச் செடியின் இலைத்துரு நோய்க்கும் மிளகுக்கொடியின் வாடலுக்கும் மழைக்கு முன் தெளிக்கப்படும் போர்டோ கலவை மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. மயில்துத்தம் செம்பு உப்பு. தெளித்த தோட்டத்துக்குக் கீழே ஓடும் நீரை முதல் மழைக்குப் பின் தொட்டிக்கு எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். ஓடைக் கற்களின் அடியில் கண்ணாடிபோல் ஒளிந்திருக்கும் நாட்டுக் கூனிகளுக்கு அப்படி எடுக்காமல் விடும் வாய்ப்பு இல்லை.

மென்னீரின் இன்னொரு சிக்கல் தோலுரிப்பு. வளரும் இறால் பழைய ஓட்டைக் கழற்றிப் புதியதை இறுக்கிக்கொள்ள வேண்டும். அதற்குச் சுண்ணம் வேண்டும். இல்லையேல் பாதி கழன்ற சட்டையோடு மாட்டிக்கொண்டு சாகும். நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்ற பெயரில் கிடைக்கும் கணவாய் ஓட்டின் ஒரு துண்டைத் தொட்டியில் போட்டு வைத்தோம். அந்தச் சாவுகள் நின்றன. கழற்றிய வெற்றுச் சட்டையைப் பார்த்துப் பிணம் என்று பதறி எடுத்து எறியாதீர்கள். அதையும் அவையே தின்று தீர்த்துச் சுண்ணத்தை மீட்டுக்கொள்ளும்.

பெருக்கம் தானாக நிகழும். பெண்ணின் தலைக்குப் பின்னால் மஞ்சள் நிறச் சேணம்போல் ஒன்று தெரியும். அது கருமுட்டைகளின் திரள். அவள் தோலுரித்த இரவில் ஆண்கள் வெறிபிடித்ததுபோல் தொட்டியெங்கும் நீந்துவார்கள். மறுநாள் இருபது முப்பது முட்டைகள் வயிற்றடிக்கு வந்திருக்கும். மூன்று நான்கு வாரம், ஒரு கணமும் விடாமல் நீந்துகால்களால் விசிறி விசிறி அவற்றுக்குக் காற்றூட்டுகிறாள். நாங்கள் இந்தத் தொட்டியை வைத்திருப்பது உண்மையில் அந்த விசிறலைப் பார்க்கத்தான். பொரித்த குஞ்சுகள் இரண்டு மூன்று மாதத்தில் தாமே சேணம் சுமக்கும். இறாலின் ஆயுள் ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: பத்தில் தொடங்கியவர் ஆறு மாதத்தில் நூறுக்கு மேல் வைத்திருப்பார்.

அப்போதுதான் இரண்டாவது புண்ணியம் கதவைத் தட்டும். தொட்டி நிறைந்துவிட்டது, கொல்ல மனமில்லை, வீட்டுக்குப் பின்னால் குளிர்ந்த தெளிந்த ஓடை. மலைக்கு வந்துபோன நண்பர் ஒருவர் அதைத்தான் சொன்னார், மிகுந்த அன்போடு. நாங்கள் மறுத்தபோது எங்களைக் கல்நெஞ்சர் என்றே எண்ணியிருப்பார்.

மறுப்பின் காரணம் முன்பு சொன்ன குளிர்ச்சிதான். சமவெளி வாய்க்காலில் விடும் செர்ரி இறாலைப் பெரும்பாலும் கோடையே முடித்துவிடும். இங்கே முடிக்காது. ஐரோப்பாவில் இதன் நேர்மாறான கதை நடந்திருக்கிறது. கடுங்குளிர் காவல் காக்கும் ஜெர்மனியிலும் போலந்திலும், மின்நிலையங்களின் வெந்நீர் கலந்து வெதுவெதுப்பான கால்வாய்களில் யாரோ விட்ட செர்ரி இறால்கள் நிலையாகக் குடியேறிவிட்டன. ஹவாய்த் தீவிலும் ஜப்பானிலும் அப்படியே. ஏற்ற நீரில் ஒரு கைப்பிடி போதும்.

நமக்கு இது புதிய பாடமும் அல்ல. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று ஜிலேபிக் கெண்டை என்ற செல்லப்பெயரோடு தமிழகத்தின் ஏரி குளங்களையெல்லாம் நிறைத்திருக்கிறது. அது வெளியூர் மீன் என்று சொன்னால் சிரிப்பார்கள். தொட்டிச் சுவரைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி, முழங்கை நீளம் வளர்ந்ததும் ஏரியில் விட்ட கவச மீனைச் சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் வலை போடுகிறவர்கள் சபிக்கிறார்கள். அதன் முள்ளும் ஓடும் வலையைக் கிழிக்கின்றன. அவற்றை விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். கொல்ல மனமில்லாதவர்கள்.

இறால் விஷயம் ஒரு வகையில் இன்னும் மோசம், ஏனெனில் அது வந்ததே தெரியாது. ஓடையில் சிவப்பை முதலில் மீனும் பறவையும் பொறுக்கித் தின்னும். தேர்ந்தெடுக்கும் மனிதக் கை இல்லாததால் சில தலைமுறைகளில் பழைய பழுப்பு நிறமே மீளும். அதன்பின் கல்லுக்கடியில் கிடப்பது நம் கூனியா, தைவான்காரியா என்று வெறுங்கண்ணால் சொல்ல முடியாது. தென்னிந்திய மலையோடைகளில் காரிடினா பேரினத்து நாட்டு இறால்கள் பல வாழ்கின்றன; அவையும் அதே படலத்தை மேய்பவை. போட்டி மட்டுமல்ல, தொட்டி இறால்கள் செவுளில் ஒட்டுப்புழுக்களையும் சுமந்து வரக்கூடும். பிழையைப் பின்னால் உணர்ந்தாலும் திருப்பி எடுக்க வழியில்லை.

மலைவீடுகளில் பக்கத்தொழிலாக இறால் பெருக்கலாமே, காப்பியும் மிளகும் ஏமாற்றும் ஆண்டில் கைகொடுக்குமே என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வருமானத்தின் அருமை தெரியாமல் பேசுகிறவர்களல்ல நாங்கள். ஆனால் வீட்டுக்கு வீடு தொட்டி என்றால், என்றோ ஒருநாள் ஒரு வீட்டின் கழிவுநீர் ஓடைக்குப் போகும். நம் நாட்டிலேயே பிறந்த காரிடினா பாபோல்டி என்ற இறாலை ஐரோப்பியர் ஆசையாகத் தொட்டியில் வளர்க்கிறார்கள். நாட்டு இறால்களை முறையாக இனங்கண்டு, எடுக்கும் அளவுக்கு வரம்பு வைத்து, தொட்டியிலேயே பெருக்க ஒருவர் முன்வந்தால் அதை முதலில் ஆதரிப்பவர்கள் நாங்களாக இருப்போம். செர்ரியை அல்ல.

பிறகு ஏன் செர்ரி வளர்க்கிறீர்கள் என்ற கேள்வி நியாயமானது. தொடங்கிய நாளில் இவ்வளவு யோசிக்கவில்லை என்பதே நேர்மையான பதில். இப்போது ஆண்களையும் பெண்களையும் பிரித்து இரு தொட்டிகளில் வைத்திருக்கிறோம். ஆண்கள் சிறுத்து வெளிறியிருப்பதால் பிரிப்பது கடினமில்லை. மிகுதியை மலை இறங்கும்போது சமவெளியில் வளர்க்கிற நண்பர்களுக்குக் கொடுத்துவிடுகிறோம். கொடுக்கும்போது இதே உபதேசத்தையும் சேர்த்தே கொடுப்பதால் வாங்க வருகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

நீர் மாற்றும் நாளில் எடுத்த நீரை மெல்லிய துணியில் வடிகட்டி, துணியைக் கைவிளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறோம். சென்ற வாரம் அதில் இரண்டு இருந்தன, எள்ளைவிடச் சிறியவை, துள்ளிக்கொண்டிருந்தன. பிரிப்பதற்கு முன்பே சினையான ஒருத்தியின் குஞ்சுகளாக இருக்க வேண்டும். அவற்றைத் தொட்டிக்குத் திருப்பிவிட்டு, வாளி நீரை ஓடைக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் பலாமரத்தின் அடியில் ஊற்றினோம்.