இடுப்பு மூட்டு மாற்று: நடுத்தர வயதினர் மீது இரட்டைச் சுமை

முழங்கால் மூட்டு மாற்று உபகரணங்களுக்குத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் விலை உச்சவரம்பு விதித்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகையின் விலை, ஜிஎஸ்டி நீங்கலாக, ரூ.54,720 ஆனது. அந்த உத்தரவில் இடுப்பு மூட்டு உபகரணங்கள் இடம்பெறவில்லை.

இதன் சுமை முதியோரைவிட நடுத்தர வயதினர் மீதே அதிகம். மேலை நாடுகளில் முதுமைத் தேய்மானத்துக்காகவே இச்சிகிச்சை பெரும்பாலும் செய்யப்படுகிறது. இந்தியாவிலோ, ரத்த ஓட்டம் தடைபட்டுத் தொடை எலும்பின் தலைப்பகுதி சிதையும் நோய் முக்கியக் காரணமாக உள்ளது. ஸ்டீராய்டு மருந்துகளும் மதுப்பழக்கமும் அதற்கு வழிவகுக்கின்றன. 30, 40 வயதுகளிலேயே பலருக்கு மூட்டு மாற்றம் தேவைப்படுகிறது.

சிகிச்சைக்கு மறுநாளே வாக்கர் உதவியுடன் நடக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் உடலுழைப்புப் பணிக்குத் திரும்பச் சுமார் மூன்று மாதங்கள் ஆகும். தரையில் சம்மணமிட்டு அமர்வதையும் குந்தி அமர்வதையும் பொதுவாகத் தவிர்க்கச் சொல்கின்றனர். வயலிலோ கட்டுமானத் தளத்திலோ அது எளிதன்று. மருத்துவமனைக் கட்டணத்தைக் காப்பீடு ஏற்றாலும், இழந்த கூலியை ஏற்பதில்லை.

லான்செட் இதழில் 2019இல் வெளியான ஆய்வின்படி, செயற்கை இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 சதவீதமே 25 ஆண்டுகள் நீடிக்கின்றன. எழுபது வயதினருக்கு அது போதும். நாற்பது வயதினரோ, முதலாவதைவிடச் சிக்கலும் செலவும் மிகுந்த மறு அறுவை சிகிச்சைக்கும் இப்போதே பணம் சேர்த்தாக வேண்டும்.