எரிமலையில் மாண்டோரைப் பழிக்குமுன்



விடுமுறைக்கு வனுவாட்டு சென்று, டன்னா தீவின் யாசூர் எரிமலையில் ஏறப்போவதாகக் கூறி, நம் பங்கின் இளந்தம்பதியர் சென்ற ஞாயிறு திருப்பலிக்குப் பின் என்னிடம் ஆசீர் வேண்டினர். அருகில் நின்ற பெரியவர் ஒருவர், "நியூசிலாந்தில் கொழுப்பெடுத்துப் போய்ச் செத்தார்களே, அவர்களைப்போல ஆகிவிடாதீர்கள்" என்றார். அவரது அக்கறையை அறிவேன். ஆயினும் அச்சொல் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

2019 டிசம்பர் 9, திங்கட்கிழமை. அமல உற்பவ அன்னையின் பெருவிழா அவ்வாண்டு அந்நாளுக்கு மாற்றப்பட்டிருந்தது. சிட்னியிலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பலொன்றின் பயணியர் 38 பேர் உட்பட 47 பேர், வெள்ளைத் தீவு எனப்படும் வக்காரியில் நின்றிருந்தனர். பிற்பகல் 2.11 மணிக்கு எரிமலை வெடித்தது. மாண்டோர் 22 பேர். அவர்களுள் பெரும்பாலோர் ஆஸ்திரேலியர், இருவர் உள்ளூர் வழிகாட்டிகள். தீக்காயமுற்றோர் சிலர் நம் சிட்னி, மெல்பர்ன் மருத்துவமனைகளுக்கே கொண்டுவரப்பட்டனர்.

இவர்கள் ஆபத்தை அறிந்தே சென்றார்களா? மூன்று வாரங்களுக்கு முன்பே, நவம்பர் 18 அன்று, அத்தீவின் எச்சரிக்கை நிலை 1-இலிருந்து 2-க்கு உயர்த்தப்பட்டிருந்தது. 5 வரை செல்லும் அளவில் 2 என்பது சிறிதாகத் தோன்றும். ஆனால் 3 என்றாலே வெடிப்பு நிகழ்கிறது என்று பொருள். அப்படியானால் வெடிப்புக்கு முந்திய கடைசிப் படி இரண்டுதான்! இதைச் சுற்றுலாச் சீட்டு வாங்கும் எளிய குடும்பம் எவ்வாறு அறியும்? ஆபத்து தங்களுக்கு முறையாக விளக்கப்படவில்லை என்று உயிர்பிழைத்தோர் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தனர்.

சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரைப் பழித்தவர்களிடம் ஆண்டவர் எழுப்பிய வினா நமக்கும் உரியதே. இறந்தோர்மீது குற்றம் சுமத்துவது எளிது. அவர்கள் மறுமொழி கூற மாட்டார்கள். தீவின் உரிமையாளர் நிறுவனம் 2023-இல் குற்றவாளி எனத் தீர்ப்பானது; 2025-இல் மேல் நீதிமன்றம் அதனை நீக்கியது. சட்டத்தின் நுணுக்கம் நீதியரசர்களுக்குரியது. எனினும், ஆபத்தான இடத்திற்குப் பணம் பெற்று அனுமதிப்பவருக்கு, அங்கு வருவோரின் உயிரில் ஒரு பங்குப் பொறுப்பு உண்டென்றே என் மனச்சான்று சொல்கிறது.

பயணமே வேண்டாம் என்று நான் கூறவில்லை. படைப்பின் பேராற்றலை நேரில் காணும் ஆவல் பாவமன்று. வனுவாட்டிலும் எச்சரிக்கை அளவு 5 வரைதான். அங்கும் 3 என்பது சிறு வெடிப்பைக் குறிக்கும். ஏறும் நாளன்று நிலை என்ன, அதன் பொருள் என்ன என்று கேட்டறியுங்கள். 2 எனில் விளிம்புக்குப் போகாதீர்கள் என்று அத்தம்பதியரிடம் சொன்னேன். வழிகாட்டி முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

"முன்பணம் கட்டிவிட்டோமே, ஃபாதர்" என்றார் கணவர். வக்காரிக்குச் சென்றவர்களும் அப்படித்தான் கட்டியிருந்தார்கள் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வரும் ஞாயிறு மீண்டும் பேசுவதாக இருக்கிறோம்.