நடக்கும் உரிமை

தன்னந்தனியே மலைவழி நடப்பது வேலையற்றோர் வேலை என்பது நம் விடுதி நண்பர்கள் சிலரின் தீர்ப்பு. அதனை நான் ஏற்பதற்கில்லை. நடப்பது ஓர் உரிமை. அவ்வுரிமையை நிலைநாட்டியோருள் மாணவரும் உண்டு என்பதே என் வாதம்.

ஆய்வுப் பயிற்சிக்காகச் சென்ற ஆண்டு எடின்பரோ நகரில் இரு திங்கள் தங்கினேன். ஜூன் மாதத்தில் ஒருநாள், பிளேர் அத்தோல் என்னும் ஊரிலிருந்து டில்ட் ஆற்றின் ஓரமாகப் பிரேமார் வரை நடந்தேன். நாற்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. மலையிடைப் பள்ளத்தாக்கை அந்நாட்டார் 'கிளென்' என்பர். இது கிளென் டில்ட்.

அறிவியல் மாணவர்க்கு இஃது ஒரு திருத்தலம். 1785ஆம் ஆண்டு ஜேம்ஸ் ஹட்டன் இந்த ஆற்றங்கரையில்தான், பழைய பாறையினுள் செந்நிறக் கருங்கல் நரம்புபோல் ஊடுருவி நிற்பதைக் கண்டார். கருங்கல் ஒருகாலத்தில் உருகிய குழம்பாய் இருந்தது என்பதற்கு அதுவே சான்றாயிற்று.

1847இல் எடின்பரோப் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் பால்பர் தம் மாணவருடன் செடி தேடி இவ்வழியே வந்தார். அத்தோல் கோமகன் ஆட்களுடன் நின்று மறித்தார். ஆசிரியரும் மாணவரும் மதிலேறிக் குதித்துச் சென்றனர்! வழக்கு மன்றம் ஏறியது. வழி மக்களுக்கே உரியதாயிற்று. 2003ஆம் ஆண்டுச் சட்டமோ, பொறுப்புடன் நடப்போர்க்கு ஸ்காட்லாந்தின் பெரும்பாலான நிலத்தையும் திறந்துவிட்டது.

அங்குள்ள தனிமையை 'இயற்கையின் தூய்மை' என்று புகழ்வாருண்டு. நான் கண்டவை இடிந்த வீடுகளின் கற்சுவர்கள். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஆட்டுப் பண்ணைக்காகவும் மான் வேட்டைக்காகவும் அம்மலைநாட்டுக் குடிகள் பலர் வெளியேற்றப்பட்டனர். ஆளற்ற அழகின் அடியில் அகற்றப்பட்டோர் கதை இருக்கிறது. வண்டியில் விரைவோர் கண்ணில் அது படுமா?

"தனியே சென்று ஆபத்தில் சிக்கினால்?" என்பீர்கள். கேள்வி நியாயமானதே. டார்ப் அருவியருகே ஒரு பாலம் இருக்கிறது. 1879இல் அங்கே மூழ்கி இறந்த பெட்போர்டு என்னும் பதினெட்டு வயது இளைஞனின் நினைவாக, நண்பர்களும் பிறரும் தந்த பொருளால் 1886இல் எழுந்தது அது. ஆபத்து கண்டு அவர்கள் வழியை அடைக்கவில்லை, பாலம் கட்டினார்கள். நாமும் வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு, செல்லும் வழியை ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்லலாமே! தனிமை வேறு, பொறுப்பின்மை வேறு.

நம் மன்றத்தின் ஆண்டுச் சுற்றுலா பேருந்தின் சன்னலோரத்திலேயே முடிந்துவிடுகிறது. இவ்வாண்டு ஒரு நாளையேனும் நடைக்கு ஒதுக்குமாறு செயற்குழுவை வேண்டுகிறேன்.

ஸ்காட்லாந்துச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. இரு பொது இடங்களை இணைக்கும் வழியில் மக்கள் இருபது ஆண்டுகள் உரிமையோடு நடந்துவந்தால் அது பொதுவழியாகும். இருபது ஆண்டுகள் எவரும் நடவாதொழிந்தால் அவ்வுரிமை அழிந்துபோகும். நண்பர்களே, உரிமையைக் காலால்தான் காக்க முடியும்!