எல்லாத்துக்கும் பேரு மூலமாம்!

கெங்கவல்லியில் பஸ் ஏறி, ஆத்தூரில் மாறி சேலம் போகிறவர் வழியெல்லாம் சுவரைப் படித்துக்கொண்டே போகலாம். சினிமா போஸ்டருக்கும் கட்சி விளம்பரத்துக்கும் நடுவில் அது கட்டாயம் இருக்கும். மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் நிரந்தர குணம்! கீழே ஒரு செல் நம்பர். என்ன படித்தவர், பதிவு எண் என்ன... அதெல்லாம் இருக்காது.

இந்தச் சுவர்கள் செய்கிற பெரிய கெடுதல் பொய் சொல்வது மட்டும் இல்லை. ஆசனவாயில் எது வந்தாலும் அதற்கு மூலம் என்று பேர் வைத்துவிடுகின்றனவே, அதுதான்.

மலக்குடல் இறக்கம் என்று ஒரு நோய் இருக்கிறது. மலக்குடல் என்பது பெருங்குடலின் கடைசி 12 முதல் 15 செ.மீ. அதைத் தாங்கும் தசையும் நாரும் தளர்ந்துபோனால், சட்டைக் கையை உள்ளிருந்து புரட்டி இழுத்த மாதிரி ஆசனவாய் வழியாக வெளியே வந்துவிடும். முதலில் முக்கும்போது வந்து தானாக உள்ளே போகும். அப்புறம் கையால் தள்ளினால்தான் போகும். கடைசியில் இருமினாலே, எழுந்து நின்றாலே வரும்.

மூலம் வேறு. அது வீங்கிப்போன ரத்தக்குழாய்த் திசு. தனித்தனிக் கட்டியாக, நடுவில் பள்ளம் விட்டுத் தெரியும். இறங்கிய குடலிலோ மடிப்புகள் வட்டம் வட்டமாக, ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் பார்த்தால்தானே! 'கீழே எரியுது' என்றதும் காட்டச் சொல்லாமலே களிம்பு எழுதிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

இது நவீன மருத்துவம் புதிதாகக் கண்டுபிடித்த வித்தியாசமும் இல்லை. சுஸ்ருத சம்ஹிதையே மூலத்தைத் தனி அத்தியாயத்தில் வைத்துவிட்டு, குடல் இறங்குவதை 'குதப்பிரம்சம்' என்று வேறு இடத்தில் சொல்கிறது. முறையாகப் படித்த சித்த, ஆயுர்வேத மருத்துவர்களுக்கு இது தெரியும். 'பாரம்பரியம்' என்று போர்டு வைத்திருக்கும் போலிக்குத்தான் தெரியாது.

கெங்கவல்லிப் பக்கத்தில் ஒரு அம்மாவை நினைத்துப் பாருங்கள். வயது ஐம்பத்தைந்து. நாலு பிரசவம் பார்த்த உடம்பு. மக்காச்சோளக் காட்டில் கூலி வேலை. காட்டில் ஒதுங்க இடம் இல்லை என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார். அதனால் மலச்சிக்கல், மலச்சிக்கலால் முக்கல். ஐம்பது தாண்டிய பெண்களுக்கு இந்த நோய் ஆண்களைவிட சுமார் 6 மடங்கு அதிகம் என்கின்றன மருத்துவ நூல்கள். மகனிடம் சொல்ல முடியாது. மருமகளிடம் சொல்ல வெட்கம். துணியை மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போவார். கல்யாணம், காது குத்து, கோயில் எல்லாம் மெல்ல நின்றுபோகும். பிறகு ஒருநாள் சுவரில் இருக்கும் அந்த நம்பர்...

அங்கே என்ன நடக்கும்? லேகியம், சூரணம், இல்லாவிட்டால் அரிக்கிற மருந்தை ஏற்றிய ஊசி. லேகியம் தளர்ந்த தசையைக் கட்டாது. கண்டபடி போட்ட ஊசி குடலையே புண்ணாக்கி, ஆசனவாயைச் சுருக்கிவிடும். இதற்கு நடுவில் ஓடிப்போகிற காலம்தான் பெரிய நஷ்டம். குடல் வெளியே வந்து வந்து, மலத்தை அடக்கும் தசை விரிந்துகொண்டே போகும். நாள் தள்ளிப்போய் அறுவை செய்தால் குடல் உள்ளே நிற்கலாம், அடக்கும் சக்தி முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

பெரியவர்களுக்கு முழுக்குடல் இறக்கம் வந்தால் நிரந்தரத் தீர்வு அறுவைதான். உடம்பு தாங்குகிறவர்களுக்கு வயிற்று வழியாக, பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பியில், குடலைத் தூக்கி முதுகெலும்பின் அடிப்பகுதியோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். முடியாதவர்களுக்குக் கீழ்வழியாகவே செய்யும் அறுவை உண்டு. மறுபடி இறங்கவும் வாய்ப்பு இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. சின்னக் குழந்தைகள் கதை வேறு. மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, குடல் புழு, சத்துக்குறைவு இவற்றைச் சரிசெய்தாலே பெரும்பாலும் அறுவை இல்லாமல் சரியாகிவிடும். யாருக்கானாலும், வெளியே வந்தது உள்ளே போகாமல் வலித்தாலோ கருத்தாலோ அது அவசரம். 108 தான், லேகியம் இல்லை.

'ஆபரேஷனுக்குப் பணம்?' என்பார்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பணம் கட்டிச் சேருகிற இடம் இல்லை. பஸ் செலவு, கூட இருப்பவருக்குச் சாப்பாடு, போன கூலி எல்லாம் நிஜமான செலவுதான். ஆனால் மாதாமாதம் சூரணத்துக்குக் கொடுத்ததையும், வேலைக்குப் போகாத நாட்களையும் கூட்டிப் பார்த்தால், எந்தக் கணக்கு நஷ்டக் கணக்கு?

பதிவு இல்லாமல் வைத்தியம் பார்த்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் கிடைக்கலாம் என்கிறது தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019. போலியைத் தேடி அலையக்கூட வேண்டாம், நம்பர் சுவரிலேயே இருக்கிறது! 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது வாசலுக்கே போய் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க முடிந்தது. அதே வாசலில் ஒரு பெண் ஊழியர், 'கீழே ஏதாவது வெளியே வருதாம்மா?' என்று மெதுவாகக் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

அந்த அம்மா பதில் சொல்வார். இத்தனை வருஷமாக யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.