விலகியவர் இடத்திற்கு யார்?

அமெரிக்காவில் பல்கலைக்கழகங்கள் பல கூட்டமைப்புகளாக இணைந்து தமக்குள் விளையாட்டுப் போட்டிகளை நடத்துகின்றன. ஒன்று விலகுமாயின், அவ்விடத்திற்கு எதனை அழைப்பது என்னும் வினா எழுகின்றது. அருகிலுள்ளதையே அழைத்தல் வேண்டும் என்பது எமது துணிபு.

'பிக் டென்' எனும் கூட்டமைப்பினின்று 1946-இல் சிக்காகோ பல்கலைக்கழகம் விலகியது. 1949-இல் அவ்விடத்தைப் பெற்றது மிச்சிகன் மாநிலக் கல்லூரி. 1855-இல் உழவுக் கல்விக்கெனத் தோன்றிய அக்கல்லூரி, அதே வட்டாரத்தைச் சேர்ந்தது. அது நல்ல தேர்வு.

ஆனால் 2024-இல், எவரும் விலகாதபோதும், தொலைக்காட்சி வருவாயை நாடி, பசிபிக் கரையிலுள்ள நான்கு பல்கலைக்கழகங்களை அக்கூட்டமைப்பு சேர்த்துக்கொண்டது. லாஸ் ஏஞ்சலஸ் மாணவர் நியூ ஜெர்சியில் ஆடுவதற்கு ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் பறக்க வேண்டியதாயிற்று. பணம் விளையாட்டரங்கை எழுப்பும்; மெய்யே. தவறிய பாடத்தை அது மீட்டுத் தருமோ?

மாணவச் செல்வங்களே! பெற்றோர்களே! களத்தில் ஓடுபவர் முதற்கண் மாணவரே. ஆடி முடித்து, வீடு திரும்பி, மறுநாள் வகுப்பில் அமரத்தக்க தொலைவில் இருப்பதே தக்க தோழமைப் பள்ளி. புகழும் பொருளும் அதற்குப் பின்னரே எண்ணத்தக்கன. இதனை நாம் அனைவரும் நெஞ்சிற் கொள்வோமாக!