வைக்கோற்போரின் ஈரமும் உழவர் மூச்சும்

பாலக்காட்டு வயல்களில் நெல் அறுவடை பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை நிகழ்கின்றது. முதற்பயிராகிய விரிப்பு, கன்னி மாதத்தை ஒட்டி, அதாவது நமது புரட்டாசிக் காலத்தில் அறுவடைக்கு வரும். இரண்டாம் பயிராகிய முண்டகன் மகரத்தில், தை மாதத்தில் முற்றும். மகர அறுவடையின்போது கணவாய் வழியே கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்றில் புழுதி எழுந்து, உழைப்போரின் இமையும் மீசையும் வெளுத்துப்போகும். அதனைக் காண்போர் எவரும் தூசியின் தீமையை எளிதில் உணர்வர். கன்னி அறுவடையிலோ வானம் மூடியிருக்கும், தரை நனைந்திருக்கும், புழுதி என்பதே இராது. ஆகவே அது நுரையீரலுக்குத் தீங்கற்ற பருவம் என்று கருதப்படுகின்றது. இக்கருத்து பிழையானது. கண்ணுக்குத் தெரியும் புழுதியினும் கொடியதொரு தூசி, மழையில் நனைந்த அந்த வைக்கோலிலேயே உருவாகின்றது.

ஈரம் நீங்காத வைக்கோலைப் போராக அடுக்கினால் அதன் உட்புறம் சூடேறும். கையை உள்ளே நுழைத்துப் பார்த்த உழவர் அனைவரும் இதனை அறிவர். வெப்பம் ஐம்பது, அறுபது பாகை செல்சியசை எட்டும்போது, அவ்வெப்பத்தையே விரும்பி வளரும் ஆக்டினோமைசீட் என்னும் நுண்ணுயிர்களும் சிலவகைப் பூசணங்களும் பெருகுகின்றன. போர் பின்னர் ஆறி உலர்ந்துவிடும். அவற்றின் வித்துகளோ எஞ்சி நிற்கும். ஒரு வித்தின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு மைக்ரான். தலைமயிரின் பருமனோ எழுபது மைக்ரான் அளவினது. மூக்கின் மயிரும் தொண்டையின் சளியும் பெரிய துகள்களையே தடுக்கவல்லன. ஐந்து மைக்ரானுக்குக் குறைந்தவை நுரையீரலின் நுண்ணறைகள்வரை சென்று தங்கும். அங்கு உடல் அவற்றை எதிர்த்துப் போரிடுவதால் அழற்சி உண்டாகின்றது. அதுவே உழவர் நுரையீரல் நோய் எனப்படுவது.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட நோயன்று. பூசணம் பிடித்த உலர்புல்லைக் கையாண்ட பண்ணையாட்களிடம் இதனைக் கண்டு, 1932 இல் இங்கிலாந்தில் காம்பெல் என்னும் மருத்துவர் விவரித்தார். 1960 களில் பெப்பிஸ் முதலியோர் அதன் காரணத்தை மேற்கூறிய நுண்ணுயிர்களிடம் கண்டனர். 1965 இல் பிரிட்டன் இதனை இழப்பீட்டிற்குரிய தொழில்நோயாக ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் 27 மருத்துவ நிலையங்கள் சேர்ந்து 1084 நோயாளிகளை ஆராய்ந்து 2017 இல் வெளியிட்ட பதிவேட்டில், நுரையீரல் இடைத்திசு நோய்களுள் ஏறத்தாழ 47 விழுக்காடு இத்தகைய ஒவ்வாமை அழற்சியே எனக் கண்டனர். அவற்றுள் ஏறத்தாழப் பாதிக்குக் காற்றுக் குளிர்விப்பான்களோடு தொடர்பு காணப்பட்டது. நகரத்து வீட்டின் நனைந்த தட்டியும் கிராமத்து நனைந்த போரும் வேறுவேறல்ல. ஈரம் தங்குமிடத்தில் பூசணம் தங்கும்.

இந்நோய் கண்ணுக்குத் தப்புவதற்கு அதன் காலக்கணக்கே முதற்காரணம். தூசியைச் சுவாசித்த உடனே இருமல் தோன்றுவதில்லை. நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்தே காய்ச்சலும் குளிர்நடுக்கமும் மூச்சுத்திணறலும் வருகின்றன. ஓரிரு நாளில் அவை தணிந்துவிடும். நோயாளி அதனைச் சளிக்காய்ச்சல் என்று எண்ணுவார். மீண்டும் அதே வேலைக்குச் செல்வார். பலமுறை இவ்வாறு நேர்ந்தபின் நுரையீரலில் தழும்பு விழும். அத்தழும்பு ஆறுவதில்லை.

எல்லைப்புறத்தில் இத்தாமதத்தின் விளைவு இன்னும் கடுமையானது. கம்பம், கூடலூர், போடிநாயக்கனூர்ப் பகுதிகளிலிருந்து உழைப்பாளர் நாள்தோறும் ஜீப்பு ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். மிளகு உதிர்க்கும் களத்திலும், உலர்ந்த ஏலக்காயைத் தேய்த்துக் காம்பு நீக்கும் மூடிய அறையிலும், மாட்டுக்கொட்டிலிலும் அவர்கள் தூசியைச் சுவாசிப்பது கேரளத்தில். காய்ச்சல் தோன்றுவது இரவில், தமிழ்நாட்டில். மருத்துவர் பணியிடத்தைக் கண்டதில்லை. தோட்டக் கண்காணிப்பாளர் காய்ச்சலைக் கண்டதில்லை. பாலக்காட்டிற்கு அறுவடை இயந்திரத்தோடு தமிழ்நாட்டிலிருந்து வரும் ஓட்டுநர் நிலையும் இதுவே. இருவேறு மாநிலத்தின் ஏடுகளுக்கிடையே நோயின் வரலாறு தொலைந்துவிடுகின்றது. ஆகவே ஊரகச் சுகாதாரப் பணியாளர், மாலையில் காய்ச்சலோடு வருபவரிடம், ‘இன்று காலை எங்கே, எதைக் கையாண்டீர்கள்? வேலையில்லா நாட்களில் இது வருகின்றதா?’ என்று வினவுதல் வேண்டும். சளிச் சோதனையில் காசநோய் இல்லையென்று அறிந்தபின்னும் இவ்வினா எழாதிருப்பது பெருங்குறையாகும்.

தடுக்கும் வழியில்தான் கருத்து வேறுபாடு மிகுதி. முகத்தில் தோர்த்தைக் கட்டிக்கொண்டால் போதும் என்பது பரவலான நம்பிக்கை. வியர்வையைத் துடைக்க அது நல்லது. ஒரு மைக்ரான் வித்தை அந்த நெசவு தடுக்காது. முகத்தோடு நன்கு பொருந்திய என்95 வகை முகக்கவசம் பயன் தரும். தாடி உடையவர்க்கும், தளர்ந்த நாடா உடையதற்கும் அப்பயன் குறையும். கவசம் வேண்டுவதே, அதன் விலையை நாட்கூலியாளர் தலையில் சுமத்துவதும், அதனை அளித்ததோடு தம் கடமை முடிந்தது என்று நிலவுடைமையாளர் இருப்பதும் முறையல்ல. மூக்கினருகில் தடுப்பதைவிடப் போரிலேயே தடுப்பது எளிது, செலவும் குறைவு.

இங்கே ஒரு முரண்பாடு கவனிக்கத்தக்கது. அரசு கொள்முதல் செய்யும் நெல்லில் ஈரம் 17 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது என்னும் விதி உண்டு. அதனால் நெல்லை உலர்த்த அனைவரும் முனைகின்றனர். வைக்கோலின் ஈரத்தை அளப்பார் எவருமில்லை. அறுவடை நடக்கும் நாளிலேயே அதனை உருட்டிக் கட்டி வண்டியில் ஏற்றிவிடுகின்றனர். கறவைமாடு மிகுந்த சித்தூர் வட்டாரத்தில், பல வாரங்கள் கழித்து, காற்றோட்டமில்லாத கொட்டிலில் அக்கட்டைப் பிரித்து உதறுபவர் பெரும்பாலும் பெண்டிர். வயலில் நேர்ந்த அலட்சியத்தின் விலையை அவர்கள் கொடுக்கின்றனர்.

பாடசேகர சமிதிகள் இதில் முன்நிற்றல் இயலும். மழை இடைவெளியில் வைக்கோலைப் பரப்பிப் புரட்டுதல், தரையினின்று உயர்ந்த பரண்மேல் அடுக்குதல், போரின் நடுவே காற்றுவழி விடுதல் ஆகியன பெரியோர் அறிந்த முறைகளே. உலர்த்தவே இயலாத ஆண்டில், நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவைக் கரைத்துத் தெளித்து, காற்றுப்புகாமல் மூன்று வாரம் மூடிவைக்கலாம். அதில் எழும் அம்மோனியா பூசணத்தை அடக்கும்; தீவனமும் சத்துப் பெறும். முன்பே கெட்டுப்போன கட்டைக் கொட்டிலுள் பிரித்தலாகாது. வெளியில், காற்று முதுகுப்புறம் வீசுமாறு நின்று, நீர் தெளித்துப் பிரித்தல் வேண்டும். வெண்ணிறப் பூசணம் அடர்ந்ததை மாட்டிற்கும் இடாமல் எருக்குழியில் சேர்த்தலே நன்று.

எல்லைப்புறத் தமிழ்ப் பள்ளிகளின் ஆசிரியர் இதனை வகுப்பில் காட்டலாம். இரண்டு கண்ணாடிப் புட்டிகளை எடுத்து, ஒன்றில் உலர்ந்த வைக்கோலையும் மற்றதில் நனைந்ததையும் இட்டு இறுக மூடிவைத்தால், சில நாட்களில் நனைந்ததன்மேல் பூசணம் படர்வதை மாணாக்கர் தாமே காண்பர். அன்று மாலை வீட்டிற்குச் சென்று தம் கொட்டிலையும் பார்ப்பர். அப்புட்டியை மட்டும் எக்காரணத்தாலும் வகுப்பறையில் திறத்தல் கூடாது; மூடியபடியே மண்ணில் புதைத்துவிடல் வேண்டும்.