உங்க காப்பியை நீங்க முதலில் குடிச்சுப் பாருங்க

பாலும் சர்க்கரையும் சிக்கரியும் சேர்க்காமல் சொந்தத் தோட்டத்துக் காப்பியைக் குடித்துப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? தாண்டிக்குடியிலும் ஏற்காட்டிலும் மர நிழலில் ரசாயனம் இல்லாமல் அரபிக்கா வளர்க்கிறோம். மூட்டை கட்டி வியாபாரியிடம் கொடுத்தால் நம்ம வேலை முடிஞ்சது. கடையில் அது கலவையாக வருகிறது. கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்கிறது சட்டம். அதாவது 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம். நம்ம காப்பியோட ருசி நமக்கே தெரியாதப்போ, நல்ல விலை எப்படிக் கேட்பது?

அதனால்தான் நேரடி விற்பனையில் இறங்குறவங்களிடம், ஒரு ‘போர் ஓவர்’ கூம்பு வாங்குங்க என்கிறேன். பேரைக் கேட்டு மிரள வேண்டாம். புனல் மாதிரி ஒரு கூம்பு, உள்ளே காகிதம், அதில் தூள், மேலே வெந்நீர். 1908-ல் ஜெர்மனியில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி, மகனின் நோட்டிலிருந்த மையொற்றுத் தாளை வைத்து ஆரம்பித்தது.

எதை வாங்குவது? பீங்கான் அழகுதான், ஆனால் சூட்டை இழுத்துக்கும், விழுந்தால் போச்சு. பிளாஸ்டிக் மலிவு, சூடும் நிற்கும். கொதிநீரை அதில் ஊற்ற நமக்கு மனசு வராதே! எவர்சில்வர் எடுங்க. ஆனால் காகிதமே தேவைப்படாத சல்லடைக் கூம்பு வேண்டாம். மண்டியும் எண்ணெய்ப் பசையும் இறங்கி, குறைகளை மறைச்சிடும். வெளுக்காத காகிதம் போட்டால் தூளோடு அப்படியே உரக்குழிக்குப் போகும்.

ஹரியோ வி60 மாதிரி ஒரே பெரிய துளை இருந்தால், ஊற்றுகிற கையைப் பொறுத்து ருசி மாறும். கலிட்டா வேவ் மாதிரி தட்டை அடியும் மூன்று சின்னத் துளையும் இருந்தால் அவ்வளவு மாறாது. இரண்டு களத்துக் கொட்டையை ஒப்பிட அதுதான் சரி.

கூம்பைவிட முக்கியம் ஒரு சின்னத் தராசு. 15 கிராம் தூள், 250 மில்லி தண்ணீர். தண்ணீர் கொதித்து இறக்கி அரை நிமிஷம் விடுங்க. முதலில் தூள் நனைய மட்டும் ஊற்றி இன்னொரு அரை நிமிஷம். பிறகு மிச்சம். மூன்று நிமிஷத்தில் வடிஞ்சிடும். காயையும் சேர்த்துப் பறித்திருந்தால் துவர்க்கும். தொட்டியில் அதிக நேரம் ஊறியிருந்தால் புளிச்ச வாடை வரும். காயாமல் மூட்டை கட்டியிருந்தால் பூசண வாடை. பால் ஊற்றினால் இதில் பாதி தெரியாது.

காலைக் காப்பிக்கு இது ஆகாது, டிகாஷன் அடர்த்தி வராது. எங்க வீட்டில் அதுக்கு பித்தளை பில்டர்தான்.